இருபத்தேழு பேர் படித்த பக்கம்

பதினொன்று இருபதுக்குத் திரையில் சிவப்புக் கோடு விழுந்தது. ஒரே பக்கம், ஒரே இணைய இணைப்பு, மூன்றே நிமிடத்தில் இருபத்தேழு பேர்.

சிவப்புக் கோடு விழுந்தால் அது 'சல்லடை'யின் பொறுப்பு. இணையக் கலைக்களஞ்சிய அலுவலகத்தில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மக்கள் எந்தெந்தப் பக்கங்களை அதிகம் தேடினார்கள் என்று அங்கே அன்றாடம் ஒரு பட்டியல் வெளியாகும். மனிதர்களைப் போல நுழைந்து எண்ணிக்கையை ஏற்றிவிடும் இயந்திரங்களை அதிலிருந்து சலித்துத் தள்ளுவது அவள் வேலை.

ஆறு வருடம் சலித்ததில் மனிதர்களைப் பற்றி அவளுக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது. நடிகரின் வயதில் இருக்கும் அக்கறை ஜனங்களுக்குச் சொந்த மாமியாரின் வயதில்கூடக் கிடையாது. பெரிய மனிதர் யாராவது இறந்துபோனால், அரை மணி நேரத்துக்குள் அவருக்கு எத்தனை மனைவி என்று பார்த்துவிடுவார்கள். பாவம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

அன்று அவளுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. மகளுக்குப் புதுப் பள்ளியில் முதல் நாள். வகுப்பில் எழுந்து நின்று தன்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டுமாம். அவள் மகளுக்கு இரண்டு வார்த்தை என்பது மலையைப் புரட்டுகிற வேலை. பழைய பள்ளியில் அதைப் பார்த்துச் சிரிக்கவென்றே ஒரு கூட்டம் இருந்தது. அதனால்தான் பள்ளியையே மாற்றினாள்.

"டீச்சருக்கு ஒரு லெட்டர் எழுதித் தர்றேன், நீ பேசவே வேணாம்" என்று காலையில் சொல்லிப் பார்த்தாள். மகள் தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அந்தப் பக்கத்தின் தலைப்பைப் பார்த்தாள். திக்குவாய்.

இணைப்பு யாருடையது என்று பார்த்தாள். பள்ளி, கல்லூரி இணைப்புகள் அவற்றின் பெயரிலேயே வரும். மகளின் பள்ளி.



வகுப்பில் மகளோடு சேர்த்து இருபத்தெட்டுப் பேர் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். பதினோரு மணிக்குக் கணினி அறை. ஆக, மகளைத் தவிர அத்தனை பேரும். பழைய பள்ளியில் கேலி செய்ய ஒரு மாதமாவது எடுத்துக்கொண்டார்கள். இங்கே ஒரு காலைப் பொழுது போதுமாக இருந்திருக்கிறது. இருபத்தேழு திரைகளிலும் அந்த ஒற்றைச் சொல், நடுவில் அவள் பெண்.

அடுத்த இருக்கைக்காரி எட்டிப்பார்த்தாள். "இது மெஷின்தானேக்கா? தூக்கிடவா?"

தூக்கு என்றுதான் வாய்வரை வந்தது. அந்தப் பக்கமே கண்ணில் படாமல் ஒழியட்டும் என்றிருந்தது. ஆனால் தூக்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். வந்தவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள்?

இயந்திரமென்றால் ஒரு நொடியில் வெளியேறிவிடும். சிரிக்க வந்தவர்களும் தலைப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர்கள் நாலு நிமிடம், ஐந்து நிமிடம் என்று இருந்திருந்தார்கள். யாரோ ஒரு பிள்ளை ஒன்பது நிமிடம். 'காரணங்கள்' என்ற பகுதியில் ஒருவரும் நிற்கவில்லை. எல்லோரும் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தை அவளும் நூறு தடவை திறந்திருப்பாள். காரணங்களைப் படிப்பாள், சிகிச்சையைப் படிப்பாள், பெருமூச்சு விட்டு மூடிவிடுவாள். கடைசியில் ஒரு பகுதி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

'கேட்பவர் செய்ய வேண்டியது' என்றிருந்தது. நீளமான பகுதி. அதன் முதல் மூன்று வரி: அவசரப்படுத்தாதீர்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். சொல்லை எடுத்துக்கொடுக்காதீர்கள்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"வேணாம், விடு" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எல்லாம் மனுஷங்கதான்."

மாலையில் பள்ளி வாசலுக்கு அரை மணி நேரம் முன்பே போய் நின்றுவிட்டாள். மணி அடித்ததும் மகள் ஓடி வந்தாள். ஒரு பக்க ஜடை அவிழ்ந்திருந்தது.

"அம்மா, ஒரு பொண்ணு எங்கிட்ட கே... கே..."

தாயின் நாக்கு நுனிக்கு ஒரு சொல் வந்துவிட்டது. எப்போதும் வந்துவிடும். டாக்டரிடம், கடையில், பெரியம்மா வீட்டில் என்று எட்டு வருடமாக மகளின் சொற்களில் பாதியை முடித்துவைத்தவள் அவள்தான். பிள்ளை கஷ்டப்படக் கூடாதே என்றுதான். மகளும் பழகிப்போய்ப் பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவின் வாயைப் பார்த்தாள்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், தானே முயன்றாள்.

"கே... கேட்டா. உனக்குத் திக்கும்போது நாங்க எடுத்துக் குடுக்கணுமா, வே... வேணாமான்னு."

எட்டு வருடத்தில் பெற்றவளுக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி. ஒரே காலைப் பொழுதில் யாரோ ஒரு சின்னப் பெண் கேட்டுவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறிச் சந்தோஷமாக இருந்தது.

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

மகள் வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. அவர்கள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் இரண்டு தடவை ஒலி எழுப்பிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பேருந்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. அவள் மகளின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.