வேர் தின்பதும் இலை தின்பதும்

அழிந்துபோயிருந்த இரண்டு வகைக் கடற்பசுக்களை மீண்டும் பிறப்பித்து, மண்டபத்துக் கடலில் வலைவேலிக்குள் வளர்த்தார்கள். கொம்பன் என்று பெயர் வைத்த வகைக்கு நீண்ட பல் உண்டு. அது மண்ணைக் கிளறிக் கடற்புல்லின் வேரைத் தின்றது. அந்த நீண்ட பல் இல்லாத இன்னொரு வகைக்கு மொட்டை என்று பெயர்; அது இலையை மட்டும் மேய்ந்தது. ஒரே புல்வெளியில் இருந்தும் இரண்டுக்கும் சண்டையே வந்ததில்லை.

இந்தக் கோடையில் கடல் கொதித்ததில் இலையெல்லாம் அழுகி, வேர் மட்டும் மிஞ்சியது. மொட்டைகளில் ஒரு குட்டிதான் பிழைத்தது. அங்கே பராமரிப்பு வேலை பார்த்த பெர்னதெத் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டி அது. இப்போது அதன் விலா எலும்பு தெரிந்தது.

“வேரையும் கொம்பனுங்க தின்னுட்டா இலை எப்படிங்க துளிர்க்கும்? அதுகள வெளிய விரட்டிருங்க” என்றாள், உடன் வேலை பார்க்கும் கணவன் சூசையிடம்.

“வெளிய ஒரு புல்லு கெடையாது. சாகவா அனுப்பச் சொல்ற?”

“எனக்கு வேற வழி தெரியல.”

சூசை வலைக்கதவைத் திறந்து, படகில் சுற்றிவந்து விரட்டினான். கொம்பன்கள் தயங்கித் தயங்கி வெளியேறின. பெர்னதெத் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“புள்ள, குட்டியப் பாரு!” என்று சூசை கத்தினான்.

மொட்டைக் குட்டி கொம்பன்களின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அவற்றின் நடுவில்தான் அது தூங்கியது.

பெர்னதெத் தண்ணீரில் பாய்ந்தாள். பாலுக்குக் கூப்பிடும்போது தட்டுவதுபோல் இரு கைகளாலும் தண்ணீரைத் தட்டினாள். குட்டி ஒருமுறை திரும்பியது. பிறகு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

“கதவ மூடிறாதீங்க” என்று கதறியபடி, அவள் தட்டிக்கொண்டே நின்றாள்.