வேலியோரம் ஒரு கா

எட்டு வயது சுமையாவின் மணிக்கட்டில் மினி என்றொரு பேசும் கடிகாரத் தோழி இருந்தது. எந்த விளையாட்டிலும் அவளையே ஜெயிக்கவிடும். ஒருநாளும் கோபித்துக்கொள்ளாது. தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று வாய்த்துவிட்டதால், யாரும் யாரையும் தேடிப் போவதில்லை.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பரிதியின் தோழன் பழுதாகிக் கிடந்தது. தோட்டத்துக் கம்பி வேலியோரம் தனியாகக் கோலி உருட்டிக்கொண்டிருந்தவன், சுமையாவையும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். வேலிக்கடியில் குழி தோண்டினார்கள். மினியோடு ஆடுகிற நினைப்பில் சுமையா தன் கோலியைக் குழிப்பக்கம் ஒரு சாண் நகர்த்தி வைத்தாள்.

"அழுகுணி ஆட்டம் ஆடுற! போ, உன் பேச்சு கா!" என்று பரிதி சுண்டுவிரலை நீட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான்.

சுமையா மணிக்கட்டை வாயருகே தூக்கினாள். "மினி, பழம் விட எந்த விரலை நீட்டணும்?"

"நமக்குள்ள சண்டையே வராதே கண்ணு, அது எதுக்கு?" என்றது மினி.

அடுப்படிக்கு ஓடி உம்மாவிடம் கேட்டு வந்து, கம்பிக்குள் இரண்டு விரலை நீட்டினாள்.

"முதல்ல கோலியைப் பழைய இடத்துல வை" என்றான் பரிதி.

வைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தோற்றாள். மறுநாள் பள்ளி விட்டு வந்ததும், மினியைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு வேலிக்கு ஓடினாள்.