ஏசல் பாட்டில் இரண்டு வரி

“நங்கையா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நாக்கைக் கொஞ்சம் அடக்கிப் பாடுங்க” என்று நாத்தனாரிடம் கெஞ்சினாள் முத்தாத்தாள்.

“ஏசல் பாட்டுன்னா ஏசித்தானே ஆகோணும் அம்மிணி?” என்று சிரித்தாள் நாத்தனார் சுப்பாத்தாள்.

முத்தாத்தாளின் மகள் மயிலாளுக்கு மறுநாள் காலை கொல்லங்கோட்டில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் நலங்கு. மணமக்களைப் பாயில் உட்கார வைத்து, இரண்டு வீட்டுப் பெண்களும் ஒருவரை ஒருவர் கேலி செய்து பாடுவார்கள். என்ன பாடினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சுப்பாத்தாள் அதில் கெட்டிக்காரி. சிலோன் ரேடியோவில் ஒரு சினிமாப் பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும். மெட்டு அப்படியே இருக்கும், வரிகள் மட்டும் கொல்லங்கோட்டு வரிகளாகிவிடும்.

முத்தாத்தாளுக்கு அதுதான் பயம். மயிலாளுக்கு இடது காது கேட்காது. பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் அவளுடைய வலப் பக்கமாகவே உட்கார வைத்துச் சமாளித்திருந்தாள். ‘தாலி ஏறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்’ என்று வீட்டில் எல்லோர் வாயையும் அடைத்தும் வைத்திருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா பொன்னாத்தாள் ஆரம்பித்தாள்.

“பாயசத்தில் முந்திரியைத் தேடித் தேடிப் பாத்தமுங்க
டம்ளர் தீந்து போனபின்னும் ஒண்ணு கூடச் சிக்கலீங்க!”

பந்தல் சிரித்தது. சுப்பாத்தாள் விடுவாளா?

“மாப்பிள்ளைக்கு மீசையின்னு மையெழுதி வந்தீங்களே
வேர்வையிலே கரையுமுங்க, வெய்யில் பக்கம் விடாதீங்க!”

மாப்பிள்ளை ஆறுச்சாமியின் கை தானாக மீசைக்குப் போனது. அதைப் பார்த்து இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சுப்பாத்தாள் அடுத்ததை எடுத்தாள்.

“இடது காதில் சொல்லாதீங்க, எங்க புள்ளைக்கு எட்டாதுங்க
வலது பக்கம் வந்து சொன்னா உங்க வார்த்தை தட்டாதுங்க!”

எல்லோரும் கை தட்டினார்கள். முத்தாத்தாள் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பொன்னாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை.

“ஏனுங்க, இது கேலிங்களா, நெசமுங்களா?”

“சும்மா வெளையாட்டுங்க சம்மந்தி...” என்று முத்தாத்தாள் ஓடி வந்தாள்.

“நெசமுங்க” என்றாள் சுப்பாத்தாள்.

மயிலாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அடப் பாவி நங்கையா! விடிஞ்சாக் கல்யாணம். இப்படிக் கெடுத்துப்போட்டீங்களே!” முத்தாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆறுச்சாமி எழுந்தான். அதுவரை மயிலாளின் இடப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் அவன்.

முத்தாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் வாசல் பக்கம் போகவில்லை. மயிலாளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய், அவளுடைய வலப் பக்கம் உட்கார்ந்தான். குனிந்து காதில் ஏதோ சொன்னான். மயிலாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னடா சொன்னே?” என்றாள் பொன்னாத்தாள்.

“மீசை நெசந்தான்னு சொன்னேனுங்கம்மா.”

பொன்னாத்தாள் மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதே மெட்டில் எடுத்தாள்.

“தாலி கூட ஏறலையே, பக்கம் மாறிப் போயிட்டானே
நாளைப் பொழுது விடிஞ்சாக்க ஆத்தா யாருன்னு கேப்பானே!”

பந்தல் அதிர்ந்தது. யாரோ குலவை போட்டார்கள். பொன்னாத்தாளே மயிலாளின் இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசினாள்.

எல்லோரும் பந்திக்குப் போனதும், மகளுக்கு எதிரிலேயே நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள் முத்தாத்தாள்.

“மாப்பிள்ளை தங்கமா இருக்கப்போய்ப் பொழச்சோம். இல்லீன்னா? உங்களுக்குக் கைத்தட்டுக் கெடைக்கோணும்னா எம்பட மக மானம் போகலாமாக்கும்?”

“மெட்டுக்கு வேண்ணாத் திட்டு, வாங்கிக்கறேன். அந்த ரெண்டு வரிக்கு நான் பொறுப்பில்லை” என்றாள் சுப்பாத்தாள்.

“பின்னே யாரு, மைக் செட்டுக்காரனா?”

“நாந்தாம்மா கட்டினேன்” என்றாள் மயிலாள். “மறைச்சு வெச்சுத் தாலி கட்டிக்க மனசு வரலை. மொதல்லயே சொல்லியிருப்பேன்... அந்த ‘எட்டாதுங்க’வுக்கு ஒரு ‘தட்டாதுங்க’ கெடைக்கத்தான் இத்தனை நாளாச்சு!”