நிரூபணமான மாப்பிள்ளை

படத்தையும் குரலையும் இயந்திரமே போலியாகச் செய்துவிடுவதால், கண்ணையும் காதையும் நம்ப முடியாமல் போன காலம். ஒருவர் இருப்பதைத் தர்க்கத்தாலேயே நிரூபித்துச் சொல்லும் இயந்திரமான தர்க்கப் பெட்டி நிரூபிக்காத மாப்பிள்ளையை ஹரிணி வீட்டுப் படியேற விடமாட்டாள். மகள் நறுமுகை விரும்பிய எழிலனைப் பெட்டி ஒரேயடியாகத் தள்ளிவிட்டது: "இவர் பிறக்காமலே போயிருக்கலாம். இருந்தே தீரவேண்டும் என்று நிரூபிக்க முடியாது."

"சரி, ஒரு குறையும் இல்லாத மாப்பிள்ளை?" என்றாள் ஹரிணி.

"அப்படி ஒருவர் இருக்க முடியும். இல்லாமல் போவது பெரிய குறை. அவருக்கோ குறையே கிடையாது. ஆகவே, இருக்கிறார்!"

ஹரிணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நிரூபணமானவர் வராமல் எங்கே போவார் என்று அந்த வெள்ளிக்கிழமையே கேசரி கிண்டி, பஜ்ஜியும் போட்டுவிட்டாள்.

"எங்கே இருக்காராம்?" என்று நறுமுகை கேட்டதற்கு, அது தன் வேலையில்லை என்றது பெட்டி.

பஜ்ஜி ஆறிய பிறகுதான் அழைப்புமணி அடித்தது. மழையில் நனைந்து, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி எழிலன் நின்றான். நறுமுகை நீட்டிய பஜ்ஜியைக் கடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி அத்தை" என்றான்.

ஹரிணி மகளை முறைத்தாள். "இவருக்கு நிரூபணம் ஏதாவது இருக்காடி?"

"அதெல்லாம் இல்லம்மா. ஆள்தான் இருக்கார்."

ஹரிணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாவில் உப்பைப் போட்டு, வாணலியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.