பத்தொன்பதாவது சேனல்

வயோமிங் நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தில் லோர்னா தன் லாரிக்கு, டிரைவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோவின் ஆன்டெனா பொருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து லாரிக்காரர் டெல்பர்ட்டுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, செல்போன் காலத்துல இது எதுக்கு? என் வண்டில இருக்கறதே சும்மா கிடக்கு."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'என்ன திமிர்!' என்று அவள் எதிரில் போய் நின்றார்.

"ஆன்டெனா மீட்டர்ல முள்ளு மூணுல நிக்குது பாரு, ஒன்றரையைத் தாண்டக் கூடாது. இப்படியே பேசினா ரேடியோ பொசுங்கிடும்."

"தெரியும். பெயின்ட்டு மேலயே முடுக்கிட்டேன், எர்த் கிடைக்கல."

பெயின்ட்டைச் சுரண்டி மறுபடி முடுக்கினாள். ஆன்டெனா நுனியைக் கொஞ்சம் இறக்கினாள். முள் ஒன்றரைக்குக் கீழே வந்து நின்றது.

"உங்க வண்டி ரேடியோல, லாரிக்காரங்க எல்லாரும் கேக்கற பத்தொன்பதாவது சேனலை வையுங்க. பேசிப் பார்க்கறேன்."

டெல்பர்ட் தன் லாரியில் ஏறினார். "லோர்னா பேசறேன். கேக்குதா?" குரல் கணீரென்று வந்தது. மூன்று முறை பதில் சொன்னார். அவளோ மறுபடியும் "கேக்குதா, இல்லையா?" என்றாள். எரிச்சலோடு இறங்கி வந்தார்.

"நல்லாவே கேக்குது! நான் சொன்னது உனக்குக் கேக்கலையா?"

"எனக்குப் பதினாறு வயசுலயே காது போயிடுச்சு. உங்க உதட்டைப் பார்த்துத்தான் பேசறேன்."

டெல்பர்ட் திகைத்தார். "அப்புறம் ரேடியோ எதுக்கு?"

"செவிட்டு டிரைவரை ரோட்டுல விடாதீங்கன்னு மனு போட்டீங்களே, உங்க லாரிக் கதவுல எழுதியிருக்கற பேரு அதுலயும் இருந்துச்சு. எனக்கு லைசென்ஸ் கொடுத்துட்டாங்க. ரோட்டுல பனி உறைஞ்சு கிடந்தா இனிமே நான் பார்த்து இந்த ரேடியோல சொல்வேன். காதுள்ளவங்க நீங்க, கேட்டுக்கங்க!"