அம்சம் போட்ட வேஷம்

காலை ஐந்தே முக்கால். நடவுக்குப் போகும் பெண்கள் தெருமுனையில் கூடிப் பேசும் சத்தம் கேட்கிறது. குடிசைக்குள் அரிக்கேன் வெளிச்சத்தில் வைரக்கண்ணு மீசையை மழித்துவிட்டு, மனைவி ராமாயியின் சேலையில் நிற்கிறான். கூலிச் சண்டையில் அவனைத் தேடும் போலீஸ் வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெண்களோடு பெண்ணாக அதைக் கடந்துவிட்டால் தப்பலாம். ஒன்பது வயது மகள் அம்சம் அவனைச் சுற்றிவந்து பார்க்கிறாள். டென்ட் கொட்டகை சினிமாவில் ஓநாய் மனிதன், மண்டையோட்டுப் பேய் எல்லாம் பார்த்தவள். பனையோலையில் கோரைப்பல் செய்து மாட்டிக்கொண்டு தெருவையே அலறவிட்டவள். முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுகிறாள்.

“ஓநாய் மனுசன் நடையிலதான் மாட்டிக்கிட்டான். கால அகட்டி வைக்காத. எங்க, நடவுப் பொம்பளைங்க மாதிரி ஒரு குலவை போடு பாப்போம்.”

அவன் நாக்கைச் சுழற்றுகிறான். நரி ஊளையிடுவது போல வருகிறது. ராமாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

“நீ வாயே தொறக்காத” என்கிறாள் அம்சம்.

வெளியே பெண்கள் கூப்பிடுகிறார்கள். மீசை இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. அம்சம் விளக்குக் கரியை விரலில் தொட்டு அங்கே மெல்லத் தேய்க்கிறாள். தேய்த்து முடிந்தும் விரலை எடுக்கவில்லை.

“மீசை மொளைக்கிறதுக்குள்ள வந்துடுவியாப்பா?”