குகைக்குள் போகாத பூதம்

1986. கிளமெண்டி வட்டாரத்தின் ஓர் அடுக்குமாடி வீட்டில் சனிக்கிழமை ஆட்டம் சூடுபிடித்திருந்தது. ஆளுக்கொரு பாத்திரம், பகடை விழுவதைப் பொறுத்துக் கதை நகரும்.

"குகைக்குள்ள முதல்ல பூதம் போகட்டும்லா," என்றான் வீரனாக ஆடிய மருதப்பன்.

"போகாது. உள்ளே டிராகன் இருக்கு," என்றார் பூதமாக ஆடியவர்.

"போன மாசம் வரைக்கும் இந்தப் பூதம் எதுக்குமே பயந்ததில்லையே!"

கதையை நடத்திய உர்சுலா சிரித்தாள். "செத்தா வேற பூதம் எழுதிக்கலாம்."

"வேற வேணாம். ஆர்மி ட்ரெய்னிங்குக்குத் தைவான் போன உங்க அண்ணன், இதை என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கான். வர்றப்ப உயிரோட குடுக்கணும்டி," என்றார் உர்சுலாவின் அம்மா அல்போன்சம்மாள், பகடையை இறுகப் பிடித்தபடி.

மருதப்பன் பகடைக்குக் கை நீட்டினான்.

"பூதம் பின்னாலயே வரட்டும், ஆன்ட்டி. நான் முதல்ல போறேன்."